முடிச்சுக்கு என்ன கூலி?



எங்கள் வீட்டுக்கு முதல் முறை வருகிறவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இது வீடா, கடையா?" கேட்பதில் தப்பில்லை. ஜன்னல் கம்பியில் பச்சை, மஞ்சள், 'மெரூன்' என்று ஒயர் கட்டுகள் மாலை மாதிரித் தொங்கும். நாற்காலியில் பாதி பின்னிய கூடை ஒன்று, முள்ளம்பன்றி போல நாலு பக்கமும் ஒயரை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துக் கீழே வைத்தால்தான் வந்தவர் உட்கார முடியும். "என் மருமக கூடைக்கு இருக்குற மரியாதை இந்த வீட்டுல எனக்கு இல்ல" என்று என் மாமியார் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். பாதி விளையாட்டு, பாதி நிஜம்!

ஒயர் கூடை பின்னுவது 1987 கோடை விடுமுறையில் எனக்கு வந்து ஒட்டிக்கொண்ட வியாதி. அப்போது எனக்குப் பத்து வயது. எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் நாலு அக்காமார் காலை நீட்டி உட்கார்ந்து கூடை பின்னிய காலம் அது. சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றில் கெட்டிக்காரர். சிவன் கண் தெரிந்த அக்காவுக்கு மட்டும் கொஞ்சம் கர்வம் இருக்கும். அவரிடம் கற்றுக்கொள்வதற்காகவே ஒரு வாரம் அவர் வீட்டுக்குக் குழாயடியில் வரிசை போட்டுத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். என் முதல் கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, அச்சு முறிந்த தேர் மாதிரி நின்றது. அம்மா அதைத்தான் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனார். "என் மக பின்னுனது" என்று வரிசையில் நின்றவர்களிடம் எல்லாம் சொன்னாராம். 1994-ல் நான் பின்னிக் கொடுத்த இன்னொரு கூடையில் அம்மா இன்றைக்கும் காய்கறி வாங்குகிறார். கைப்பிடியை மட்டும் இரண்டு தடவை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மாமனாரின் நோய் என்று பல வருடம் ஒயரைத் தொடவில்லை. 2019 ஜனவரி 1-ந் தேதி தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததே, அப்போதுதான் மறுபடி ஆரம்பித்தது. காய்கறிக் கடைக்காரர், "பை கொண்டு வரலையாக்கா?" என்று எல்லாரையும் கேட்க, எல்லாரும் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் பழைய கூடையோடு நின்றேன். "எங்க வாங்குனீங்க?" என்று கேட்டவர்களில் மூன்று பேருக்குப் பின்னிக் கொடுத்தேன். மூன்று பத்தாயிற்று. என் மகன் மட்டும், "அம்மா, ஒயரும் பிளாஸ்டிக்தானே?" என்று மடக்கினான். நியாயமான கேள்விதான். பாட்டி கூடையின் வயதைச் சொல்லிச் சமாளித்தேன். அவன் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

'வீட்டு வேலைக்கு நடுவில் நேரம் எப்படிக் கிடைக்கிறது?' என்று கேட்பீர்கள். நேரம் மொத்தமாகக் கிடைக்காது, சில்லறையாகத்தான் கிடைக்கும். காலை 5:00 மணிக்குத் தண்ணீர் வரும்போது மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிறையும் வரை கொஞ்சம் பின்னுவேன். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் அரை வரி ஓடும். மாமியார் சீரியல் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் ஒன்றரை வரி. அவருக்கும் துணையாயிற்று, கதையில் யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்பது எனக்கும் தெரிந்தாயிற்று. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு கிடைக்கிற ஒரு மணி நேரம்தான் எனக்கே எனக்கு. ஆனால், ராத்திரி வேலையில் ஓர் ஆபத்து உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு நிஜமான சந்தோஷம் பின்னுவதில் கூட இல்லை, 'டிசைன்' போடுவதில்தான். சாதா முடிச்சுக் கூடையில் ஒவ்வொரு முடிச்சும் ஒரு சின்னக் கட்டம். ஆகவே, கட்டம் போட்டு வரைய முடிந்த எதையும் கூடையில் கொண்டு வந்துவிடலாம். இதைக் கண்டுபிடித்த நாளில் என் மகளின் கணக்கு 'கிராப்' நோட்டில் பாதி காலி! அவள் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அப்புறம் எனக்கென்று தனியாக ஒரு நோட்டு வாங்கினேன். எதைப் பார்த்தாலும் அதில் ஏற்றிவிடுவேன். மார்கழிக் கோலம், எதிர் வீட்டு 'கிரில்' கதவு, பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது பார்த்த தரைக் கல். மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் போனால் எல்லாரும் சாமி பார்ப்பார்கள், நான் அண்ணாந்து விதானத்தில் தீட்டியிருக்கும் தாமரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "கழுத்து சுளுக்கப் போகுது, வா" என்று என்னவர் இழுத்துப் போவார். வட்டத்தைக் கட்டத்துக்குள் அடக்குவதுதான் கஷ்டம். அந்தத் தாமரையை ஏழு தடவை அழித்து வரைந்தேன். எட்டாவதில் வந்தது. மஞ்சளில் நடு, சிவப்பில் இதழ், பச்சையில் ஓரம்.

வருடப் பிறப்பன்று டைரியின் முதல் பக்கத்தில் மூன்று ஆசைகளை எழுதுவது என் வழக்கம். அவரவர் வேலைக்குப் போகிறவர்கள்தான் 'லட்சியம்' என்று எழுத வேண்டுமா என்ன? 2023-ல் எழுதியது இது: 'ஒன்று: என் பெயரில் இருக்கும் பாஸ் புத்தகத்தில் நான் சம்பாதித்த பணம் ஏற வேண்டும். இரண்டு: கிராப் நோட்டு கடைசிப் பக்கம் வரை நிரம்ப வேண்டும். மூன்று: பத்தமடைக்குப் போய்ப் பாய் நெய்வதைப் பார்க்க வேண்டும்.'

மூன்றாவதைப் படித்து என்னவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஊட்டி, கொடைக்கானல்னு கேட்பாங்க. பாய் பாக்க பஸ் ஏறிப் போறேங்கிறவ நீ ஒருத்திதான்!" அவருக்கு என்ன தெரியும்? என் அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய் ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் துணியில் சுற்றி இருக்கும். விருந்தாளி வந்தால் மட்டும் கீழே இறங்கும். துணி மாதிரி அவ்வளவு மெல்லிசு. அதன் ஓரத்தைத் தடவித் தடவி, 'புல்லை எப்படி இப்படிப் பின்னினார்கள்?' என்று யோசித்தபடி தூங்கிப் போன நாட்கள் பல.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

2023 ஐப்பசியில், என் மாமியாரின் தங்கை வீட்டிலிருந்து ஓர் 'ஆர்டர்' வந்தது. அவர் மகளுக்குத் தையில் கல்யாணம். தாம்பூலப் பைக்குப் பதிலாக ஒயர் கூடை கொடுப்பது இப்போது நாகரிகம் அல்லவா? "நெருங்கின சொந்தத்துக்கு மட்டும் நாற்பது கூடை போதும்மா. உன் கை வேலைன்னா எல்லாரும் பேசுவாங்க" என்றார் சின்னத்தை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போகும்போது 3,000 ரூபாயைக் கையில் வைத்து, "ஒயருக்கு வச்சுக்கோ. மிச்சம் இருந்தா பிள்ளைகளுக்கு ஏதாச்சும் வாங்கிக் குடு" என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கி வைத்தேன்.

அதுவரை வெளி ஆட்களிடம் ஒரு சின்னக் கூடைக்கு 150 ரூபாய் வாங்கிக் கொண்டிருந்தேன். அதையும் சொல்வதற்குள் தொண்டை அடைக்கும். "ஒயர் காசு மட்டும் வாங்கிக்கோயேன், நீ சும்மா இருக்கிற நேரத்துல பின்றதுதானே" என்பார்கள். 'சும்மா இருக்கிற நேரம்' எது என்று நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்! சொந்தக்காரர்களிடம் அந்த 150-ம் கேட்டதில்லை.

என் கண்ணைத் திறந்தவர் பக்கத்து வீட்டு மாடியில் குடியிருக்கும் பாட்டி. சௌராஷ்டிரப் பாட்டி, வயது எண்பதை நெருங்குகிறது. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டே குடும்பத்துக்குத் தோள் கொடுத்தவர். மதுரைச் சுங்குடியை உங்களில் பலர் கட்டியிருப்பீர்கள். 2005-ல் புவிசார் குறியீடு கூட வாங்கிய சேலை. ஆனால், அந்தப் புள்ளி எப்படி வருகிறது என்று யோசித்திருப்போமா? அச்சில் ஊற்றுவது வேறு. பழைய முறை வேறு. வெள்ளைத் துணியில் புள்ளி குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நக நுனியால் துளி கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். முழுச் சேலைக்கும் போட்டு முடித்த பிறகுதான் சாயத்தில் முக்குவார்கள். காய்ந்ததும் சேலையை இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று அவிழும். சாயம் ஏறாத இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு! அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் என் நோட்டில் 'சுங்குடி டிசைன்' ஒன்று வரைந்திருந்தேன். அதைக் காட்டத்தான் பாட்டியிடம் போனேன்.

பாட்டி நோட்டைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கூடையைப் பார்த்தார்.

"ஒரு கூடைக்கு எத்தனை முடிச்சும்மா?"

"தெரியலையே பாட்டி. எண்ணினதில்ல."

"எண்ணாம எப்படிக் கூலி கேப்ப? நாங்க எல்லாம் முடிச்சை எண்ணித்தான் காசு வாங்கினோம்."

"கூலி எல்லாம் இல்ல பாட்டி, சொந்தக்காரங்க..."

"சொந்தக்காரங்களுக்குப் பின்றதுக்கு வேற கை வச்சிருக்கியா?"

சிரித்துக்கொண்டே இறங்கி வந்துவிட்டேன். ஆனால், அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து போய், முடித்து வைத்திருந்த முதல் கூடையை மடியில் வைத்து எண்ணினேன். அடியில் பதினாலுக்கு எட்டு, 112 முடிச்சு. சுற்றி வர 44. அப்படிப் பன்னிரண்டு வரி, 528. ஆக மொத்தம் 640. மறுநாள் அடுத்த கூடையை ஆரம்பிக்கும்போது, ஒவ்வொரு தடவை உட்கார்ந்ததையும் எழுந்ததையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். ஒயர் வெட்டியதிலிருந்து கைப்பிடி போட்டு, நுனிகளை உள்பக்கம் செருகி முடித்தது வரை கூட்டினால் ஐந்து மணி நேரம்.

கணக்கை முடித்தவள் என் மகள். "ஒரு கூடைக்கு ஒயர் 70 ரூபா. நாற்பதுக்கு 2,800. பாட்டி குடுத்தது 3,000. மிச்சம் 200. நாற்பது கூடைக்கு உனக்கு 200 மணி நேரம் ஆகும்." கொஞ்சம் நிறுத்தி, "அம்மா, மணிக்கு ஒரு ரூபா!" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்குச் சின்னத்தை மேல் கோபம் வரவில்லை, என் மேல்தான் வந்தது. அவர் என்னை ஏமாற்றவில்லையே. எவ்வளவு நேரமாகும் என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்? வெளி ஆளிடம் 150 வாங்கியபோதும் மணிக்கு 16 ரூபாய்தான் நின்றிருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இரண்டு நாள் மனசுக்குள்ளேயே ஒத்திகை பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் போன் செய்தேன். கை நடுங்கியது. "சின்னத்தை, நாற்பது முடியாது போலிருக்கு. நீங்க குடுத்த 3,000-க்குக் கூடை 200-ன்னு வச்சுப் பதினஞ்சு பண்ணித் தர்றேன். அதுக்கு மேல பத்துக் கூடை, ஒயர் உட்பட, தங்கச்சி கல்யாணத்துக்கு என் மொய். மொத்தம் இருபத்தஞ்சு. ஒரு கூடைக்கு அஞ்சு மணி நேரம் ஆகுது சின்னத்தை, கூலி கட்டலை..."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வீட்டுக் கல்யாணத்துக்குக் கூலியா? நல்லா இருக்கும்மா" என்று வைத்துவிட்டார்.

அப்புறம் என்ன, அன்று சாயந்திரத்துக்குள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு விஷயம் போய்விட்டது. 'ஒயர் கூடைக்குக் கூலி கேட்ட மருமகள்' என்று எனக்குப் பட்டமே சூட்டிவிட்டார்கள். என்னவர் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் கூடத் தேவலை. "சித்தி என்னைத் தூக்கி வளர்த்தவங்க. அந்தக் 'கூலி'ங்கிற வார்த்தையையாவது சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். எனக்கு அழுகையாக வந்தது. வேறு என்ன வார்த்தை சொல்வது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

ராத்திரி சின்னத்தை என் மாமியாருக்குப் போன் செய்தார். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தேன். மாமியார் நெடு நேரம் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 'சரி, இன்றைக்கு எனக்கு அர்ச்சனைதான்' என்று நினைத்தேன். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "நீ அவ விரலைப் பாத்திருக்கியாடி?" அவ்வளவுதான், வைத்துவிட்டார். என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை வழக்கம் போல, "காலு வைக்க இடமில்லாம ஒயரைப் பரப்பி வச்சிருக்கியே ஆத்தா" என்று ஆரம்பித்துவிட்டார்.

ஒயர் பின்னும் சகோதரிகளுக்கு விரல் என்றால் என்னவென்று தெரியும். இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலின் ஓரம் வெடித்துவிடும். புளி கரைத்தால் எரியும், மிளகாய் கிள்ளினால் உயிர் போகும். நான் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி, பழைய துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பேன்.

ஒரு வாரம் கழித்துச் சின்னத்தை வீட்டிலிருந்து, "சரி, இருபத்தஞ்சே குடுக்கச் சொல்லு" என்று மாமியார் மூலமாகத் தகவல் வந்தது. அந்த ஒன்றரை மாதம் எப்படிப் போயிற்று என்றே தெரியவில்லை. முன்பு ராத்திரி வேலையில் ஆபத்து என்றேனே, அது இதுதான்: டியூப் லைட் வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்று போலத் தெரியும். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால், கறுப்புக் கரை போட்ட கூடையில் நடுவில் ஆறு வரி கருநீலம்! ஆறு வரியையும் அவிழ்த்தேன். முடிச்சுப் போடுவதை விட அவிழ்ப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். நீங்களும் அடர்ந்த நிறங்களைப் பகலிலேயே பிரித்து, துணி சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் குளிரில் ஒயர் விறைத்துக்கொண்டு வளையவில்லை என்றால், பின்னும் முன் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு வையுங்கள். இளகிக் கொடுக்கும். வெட்டும்போது கணக்குக்கு மேல் ஒரு சாண் கூடுதலாகவே வெட்டுங்கள். மிஞ்சினால் நறுக்கலாம், குறைந்தால் ஒட்டுப் போட வேண்டும். ஒட்டுப் போட்ட இடம்தான் முதலில் பல்லிளிக்கும்.

2024 தையில் கல்யாணம் நடந்தது. இருபத்தைந்து கூடையும், மீதிப் பேருக்குக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவும் கொடுத்தார்கள். டப்பா கிடைத்தவர்கள் கூடை கேட்டுப் பந்தி வாசலில் ஒரே ரகளை! நான் எதுவும் தெரியாதவள் போலப் பாயசத்தில் முந்திரி தேடிக் கொண்டிருந்தேன். சின்னத்தை அந்தப் பக்கமாகப் போனவர், என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். அவ்வளவுதான். முன்பு மாதிரி மடியில் தலை வைத்துக் கதை பேசுகிற உறவு இப்போது இல்லை. தீபாவளிக்குப் போனால் காபி வருகிறது, பேச்சு வருவதில்லை. அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அதற்காக 200 மணி நேரத்தைக் கொடுத்திருக்கலாமா என்று நடுராத்திரியில் யோசித்ததும் உண்டு.

அந்தக் கல்யாணத்தில் கூடையைப் பார்த்தவர்களிடமிருந்து ஆர்டர் வந்தது. இப்போது கூடை 250 ரூபாய். கிராப் நோட்டின் பின் அட்டையில் ஒயர் எவ்வளவு, முடிச்சு எத்தனை, நேரம் எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறேன். பேரம் பேசுகிறவர்களிடம் வாயால் சண்டை போடுவதில்லை, நோட்டைத் திருப்பிக் காட்டிவிடுவேன். சிலர் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் பணத்தை எடுப்பார்கள். சிலர், "அடேயப்பா, கணக்குப் பிள்ளை!" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். போகட்டும். பாட்டிக்கு மட்டும் தாமரை போட்ட கூடை ஒன்று இலவசம். வாங்கி வைத்துக்கொண்டு, "எத்தனை முடிச்சு?" என்றுதான் முதலில் கேட்டார்.

2025 மே மாதம் என் பாஸ் புத்தகத்தில் 11,400 ரூபாய் இருந்தது. முதல் ஆசை நிறைவேறியது. நோட்டு இன்னும் நிரம்பவில்லை, பதினாறு பக்கம் பாக்கி. மூன்றாவதை முந்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியபோது, என்னவரே வழி சொன்னார். "பத்தமடை சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர். அதைச் சொல்லு, அம்மா ஒண்ணும் சொல்லாது." அவர் சொன்ன மாதிரியே, "நல்ல காரியம், போயிட்டு வா" என்று உத்தரவு கிடைத்தது. மனுஷர் என் கட்சிக்கு வந்துவிட்டார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜூலையில் ஒரு நாள் விடிவதற்குள் நானும் மகளும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினோம். திருநெல்வேலியில் இறங்கி, சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போகும் பஸ்சைப் பிடித்தோம். விசாரித்து விசாரித்து ஒரு வீட்டுக்குப் போனோம். அங்கே ஐம்பது வயது இருக்கும் ஓர் அக்கா தறியில் உட்கார்ந்திருந்தார். தரையோடு தரையாகப் பாவு நூல் கட்டிய தறி. நீளக் குச்சியில் கோரையைக் கோத்து நூலுக்குள் செலுத்தி, கட்டையால் இழுத்து அடிக்கிறார். மறுபடி கோரை, மறுபடி அடி. கோரையைக் கீறி, தாமிரபரணித் தண்ணீரில் ஊறப் போட்டு, காய வைத்து, சாயம் ஏற்றி, அதற்கப்புறம்தான் தறிக்கே வருமாம். கல்யாணப் பாயில் மணமகன், மணமகள் பெயரையும் சேர்த்து நெய்கிறார்கள். அன்று அவர் தறியில் பாதிப் பெயர்தான் வந்திருந்தது. யாரோ ஒரு பெண்ணின் முதல் மூன்று எழுத்து. பார்த்துக்கொண்டே நின்றேன். அரை மணி நேரத்தில் ஒரு விரற்கடை கூட ஏறியிருக்காது.

நெய்து வைத்திருந்த பாய் ஒன்றைக் கையில் எடுத்தேன். என் அம்மாவின் பாய் மாதிரியே துணியாக மடிந்தது. விலை கேட்டேன். சொன்னார். என் வாய் தானாகவே திறந்தது. "கொஞ்சம் குறைச்சு..." என்று ஆரம்பித்துவிட்டேன் சகோதரிகளே! மகள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். அப்படியே வாயை மூடிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

அந்த அக்கா அதைக் கவனித்தாரோ இல்லையோ, தெரியாது. அவர் கண் என் தோளில் தொங்கிய ஒயர் கூடையில் இருந்தது. "இது நீங்க பின்னுனதா?" என்று வாங்கினார். மேலே இருந்த தாமரையை அவர் பார்க்கவே இல்லை. கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனி செருகிய இடத்தை நகத்தால் நெண்டிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"இதுக்கு என்ன வாங்குதீங்க?"

"250 ரூபா" என்றேன். தொண்டை அடைக்கவில்லை.

"கொறச்சல்லா!" என்றார்.

வாங்கி வந்த பாயைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றத்தான் நினைத்தேன். மாமியார் விடவில்லை. தினமும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அதை விரித்துத்தான் படுக்கிறார். "மேல ஒயரைப் போட்டுக் கீறிடாத" என்று எனக்கு உத்தரவு வேறு!

- ஒரு வாசகி, மதுரை.